கூப்பர் ஃப்ளாக் இன்னும் ஒரு வருடம் இருந்திருக்கலாமா?

வந்த கேள்வி (புதிதாக வருகிறவர்களுக்கு: ஃப்ளாக் ட்யூக் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரன். டிராஃப்ட் என்பது அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் டீம்கள் வருடாவருடம் இரண்டு சுற்றாகப் புது ஆட்களை வரிசையாக எடுப்பது):

"நேற்று கூப்பர் ஃப்ளாக் டிராஃப்டுக்குப் போவதாக அறிவித்துவிட்டான். வயது 18. இதே பையன் இரண்டு மாதம் முன்னால் அடுத்த வருடமும் ட்யூக்குக்கு வர ஆசை என்று பேட்டி கொடுத்தான். இன்னும் ஒரு வருடம் இருந்து கோப்பையையும் வாங்கி, படிப்பையும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? நம்ம வீட்டுப் பிள்ளையாக இருந்தால் டிகிரியை முடிக்காமல் அனுப்புவோமா?"

22 ஏப்ரல் 2025

நம்ம வீட்டுப் பிள்ளை 6 அடி 9 அங்குலம் வளர்ந்து, முதல் வருடத்திலேயே நாட்டின் சிறந்த கல்லூரி வீரன் விருதை வாங்கினால் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வருவோம்.

ஃப்ளாக் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனை முதல் ஆளாக எடுக்கப் போகிறார்கள் என்று எல்லாரும் ஒரு வருடமாகச் சொல்கிறார்கள். இன்னொரு வருடம் இருந்தால் அதற்கு மேல் ஏற இடமில்லை, இறங்கத்தான் இடம். ஹூஸ்டனிடம் அரையிறுதியில் 70-67 என்று தோற்றது வலிக்கத்தான் செய்யும். அவன் கடைசியில் போட்டது உள்ளே போகவில்லை. அதற்காக ஒரு வருடத்தையும் முட்டியையும் பணயம் வைக்க முடியாது.

முட்டி என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் இருப்பது வட கரோலினா மாநிலத்தில், கேரியில். ட்யூக் இங்கிருந்து அரைமணி நேரம். 2019 பிப்ரவரி 20 ராத்திரி இந்த வட்டாரத்தில் யாருக்கும் மறக்காது. வட கரோலினா பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ட்யூக்கின் அந்த வருட நட்சத்திரம் ஸையன் வில்லியம்சன் காலை ஊன்றித் திரும்பினான், ஷூ பக்கவாட்டில் பிய்ந்து பாதம் வெளியே வந்துவிட்டது. முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில். ஓரத்தில் ஒபாமா எழுந்து ஷூவைக் காட்டி ஏதோ சொல்கிறார். நான் டிவி முன்னால் தோசைத் தட்டோடு அப்படியே நின்றேன். நல்லவேளை, லேசான சுளுக்கோடு போயிற்று. ஜூனில் முதல் ஆளாக எடுத்தார்கள். லேசாக இல்லாமல் இருந்திருந்தால்?

எனக்கு அது லேசாகப் போகவில்லை. 1998. பாளையங்கோட்டையில் பி.காம். இரண்டாம் வருடம் முடிகிற சமயம். ஒரு பொதுத்துறை நிறுவனம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எங்கள் டீமிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டது: பாயிண்ட் கார்டாக ஆடிய நான், சென்டராக ஆடிய என் சினேகிதன் நெட்டை. கிளார்க் வேலை, பிளஸ் டூ போதும் என்றார்கள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். "டிகிரியை முடிச்சிட்டுப் போ, வேலை எங்க ஓடிப்போகுது" என்றார். நெட்டை போனான். நான் இருந்தேன். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் பல்கலைக்கழக ஆட்டம், அரையிறுதி, முட்டி லிகமெண்ட் கிழிந்தது. வேலை ஓடிப்போகவில்லை. நான்தான் ஓட முடியாமல் போனேன்.

அதனால் என் பதில்: கூப்பிடும்போது போ.

23 ஏப்ரல்

ஒருவர் "18 வயதிலேயே பிடுங்கிக்கொண்டு போவதை என்.சி.ஏ.ஏ. தடுக்கக் கூடாதா" என்று கேட்கிறார். என்.சி.ஏ.ஏ. என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கம். நான் அவசரத்தில் "அவர்கள்தான் ஒரு வருடம் கட்டாயம் என்று விதி வைத்தார்களே" என்று பதில் போட்டேன். தப்பு. அந்த விதி கல்லூரிகள் வைத்தது இல்லை. என்.பி.ஏ.யும் வீரர்கள் சங்கமும் 2005 ஒப்பந்தத்தில் போட்டுக்கொண்டது. டிராஃப்ட் நடக்கிற வருடத்துக்குள் 19 வயது ஆகவேண்டும், அமெரிக்கப் பையன் என்றால் பள்ளி முடித்து ஒரு வருடம் கழிந்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தைக் கல்லூரியில்தான் கழிக்கவேண்டும் என்று எங்கேயும் இல்லை. பிரேண்டன் ஜென்னிங்ஸ் 2008-இல் இத்தாலிக்குப் போய் ரோமில் ஆடினான், லமெலோ பால் ஆஸ்திரேலியாவில் ஆடினான். வீட்டில் சும்மா படுத்துத் தூங்கினாலும் விதிப்படி சரிதான்.

23 ஏப்ரல், பின்னிரவு

தூக்கம் வரவில்லை. இந்தச் சண்டை எவ்வளவு பழசு என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலத்தில் பள்ளி முடித்து 4 வருடம் ஆகாமல் என்.பி.ஏ. வாசலையே மிதிக்க முடியாது. வில்ட் சேம்பர்லின் கேன்சஸில் மூன்றாம் வருடத்தோடு 1958-இல் கிளம்பினார். உள்ளே விடவில்லை. ஒரு வருடம் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸோடு ஊர் ஊராக வித்தை காட்டி ஆடிவிட்டு வந்தார். அப்படிப்பட்ட ஆளுக்கே அந்தக் கதி. ஸ்பென்சர் ஹேவுட்தான் கோர்ட்டுக்குப் போனவர். 1971-இல் உச்சநீதிமன்றம் வரை போய் வழி திறந்துவிட்டார். திறந்த வழியிலும் ஒரு வேடிக்கை: குடும்பம் கஷ்டத்தில் இருக்கிறது என்று காட்டினால்தான் முன்னதாக வரலாம் என்று கொஞ்ச வருடம் வைத்திருந்தார்கள். தாசில்தாரிடம் வருமானச் சான்றிதழ் வாங்கி வா என்கிற மாதிரி.

அப்புறம் பள்ளியிலிருந்தே நேராக வந்தார்கள். 1995-இல் கெவின் கார்னெட், 96-இல் கோபி பிரையன்ட், 2003-இல் லெப்ரான் ஜேம்ஸ். இந்த மூன்று பெயரையும் எல்லாரும் சொல்வார்கள். கோர்லியோன் யங் பெயரை யார் சொல்கிறார்கள்? 1998-இல் பள்ளியிலிருந்து நேராக வந்தான், 40-ஆவது ஆளாக டெட்ராய்ட் எடுத்தது, மொத்தம் 3 ஆட்டம் ஆடினான். அவ்வளவுதான். லெனி குக்கை 2002-இல் யாருமே எடுக்கவில்லை. பள்ளி நாட்களில் லெப்ரானோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட பையன் அவன்.

நேற்று "கூப்பிடும்போது போ" என்று எழுதினேன். இவர்களையும்தான் யாரோ கூப்பிட்டிருப்பார்கள். யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். டீம் கூப்பிடுகிறதா, இல்லை ஏஜெண்டும் மாமனும் மச்சானும் கூப்பிடுகிறார்களா?

27 ஏப்ரல்

டிகிரி, டிகிரி என்று நாலு பேர் எழுதிவிட்டீர்கள். நம்ம ஆட்கள் இருக்கிற இடத்தில் அது வராமல் போனால்தான் ஆச்சரியம்.

டிகிரி எங்கேயும் போகாது. மைக்கேல் ஜோர்டன் மூன்று வருடத்தில் 1984-இல் கிளம்பி, 86-இல் படிப்பை முடித்தார். புவியியல். ஷாக் (ஷகீல் ஓ'நீல்) 1992-இல் போனார், 2000-இல் தன் பழைய கல்லூரி எல்.எஸ்.யூ.வில் பட்டம் வாங்கினார். ஸ்டெஃப் கரி 2009-இல் டேவிட்சன் கல்லூரியை விட்டவர், 2022-இல் முடித்தார். கையில் மூன்று சாம்பியன்ஷிப் இருக்கும்போது பாக்கிப் பேப்பரை எழுதி முடித்திருக்கிறார். அரியர் வைத்திருக்கிற நம்ம பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

வின்ஸ் கார்ட்டர் கதைதான் எனக்குப் பிடித்தது. டொரண்டோவுக்கு ஆடிக்கொண்டிருந்தவர். அவர் படித்த வட கரோலினா பல்கலைக்கழகத்தில் (சேப்பல் ஹில்) பட்டமளிப்பு 2001 மே 20 காலையில். அன்றைக்கே ஃபிலடெல்ஃபியாவில் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், தோற்றால் டொரண்டோ வெளியே. மனுஷன் காலையில் இங்கே விழாவுக்கு வந்துவிட்டு விமானம் ஏறிப் போய் ஆடினார். கடைசி நொடி, ஒரு பாயிண்ட் பின்தங்கி, பந்து அவர் கையில். எறிந்தார், போகவில்லை. 88-87. அந்தப் பட்டமளிப்பை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள். பட்டம் வாங்கப் போகாமல் இருந்தால் பந்து உள்ளே போயிருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் டொரண்டோவில் இருக்கிற என் ஒன்றுவிட்ட அண்ணனிடம் இதைச் சொன்னால் போனை வைத்துவிடுவார்.

நெட்டையும் அப்படித்தான். 19 வயதில் வேலைக்குப் போனவன். பதினைந்து வருடம் பிரமோஷன் லிஸ்டில் பெயர் வராமல் கிளார்க்காகவே இருந்தான், பட்டம் இல்லை என்று. அப்புறம் அஞ்சல் வழியில் எழுதி முடித்தான். அவன் மகள் மூன்றாம் வகுப்பு, இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து படித்தார்களாம்.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். டிம் டங்கன். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம், இதே மாநிலம். இரண்டு வருடத்திலேயே போயிருக்கலாம், எல்லாரும் போகச் சொன்னார்கள். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்று நாலு வருடமும் இருந்தார். அம்மா அவருடைய 14-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் புற்றுநோயில் இறந்துபோனவர். உளவியலில் பட்டம் வாங்கிக்கொண்டு 1997-இல் முதல் ஆளாகப் போனார். சான் ஆன்டோனியோவில் ஐந்து கோப்பை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் செய்தது தப்பு. கணக்கு மட்டும் போட்டால்.

13 மே

நேற்று, டிராஃப்டில் எந்த டீம் முதலில் எடுப்பது என்ற குலுக்கல். டல்லஸுக்கு முதல் இடம். வாய்ப்பு 1.8 சதவீதம்! தன் நட்சத்திரம் லூக்கா டான்சிச்சை பிப்ரவரியில் கைவிட்ட டீமுக்கு மே மாதம் ஃப்ளாக். எங்கள் ஆபீஸ் மதிய மேஜையில் இது ஏற்பாடு செய்த குலுக்கல் என்று ஒரு கோஷ்டி சத்தியம் செய்கிறது. நம்ம ஊர் ஏலச்சீட்டில் முதல் சீட்டு யாருக்கு விழும் என்று பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். போன வாரம் ஒருவர் கேட்டார்: "ஒரு வருடம் தள்ளிப் போனால் அந்த ஒரு வருடச் சம்பளம்தானே போகும்?" இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

முதல் சுற்றில் எடுக்கப்படும் 30 பேருக்குச் சம்பள அட்டவணை உண்டு. இந்த வருடம் முதல் ஆளுக்கு முதல் சீசனில் சுமார் 13.8 மில்லியன் டாலர், முப்பதாவது ஆளுக்குச் சுமார் 2.7 மில்லியன். நாலு வருட ஒப்பந்தம். முதல் இரண்டு வருடம் உறுதி, மூன்றும் நாலும் டீம் விருப்பம். பெரிய பணம் இதற்குப் பிறகு, இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் வருகிறது. 19 வயதில் போனவன் 23-இல் அந்த மேஜையில் உட்காருவான். 22-இல் போனவன் 26-இல். கடைசியில் உடம்பு இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயதில்தான் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகும். ஆக, முன்னால் தள்ளிப்போட்ட ஒரு வருடம் பின்னால் உச்சச் சம்பள வருடம் ஒன்றாகக் கழிகிறது. இழப்பது 2 மில்லியனாக இருக்காது, 30, 40 மில்லியனாக இருக்கும். நன்றாக ஆடுகிறவனுக்கு.

அந்த "நன்றாக ஆடுகிறவனுக்கு" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டால் எதற்கும் உறுதி கிடையாது. டூ-வே என்று ஒரு ஒப்பந்தம், 6 லட்சம் டாலரைச் சுற்றி, பாதி நாள் ஜி லீக் என்கிற கீழ்நிலை லீக்கின் பஸ்ஸில்.

14 மே

இதில் நம்ம நாட்டு ஆட்கள் உண்டா என்று கேட்டவருக்கு. உண்டு. சிம் புல்லர், 7 அடி 5 அங்குலம், பஞ்சாபிக் குடும்பத்துக் கனடா பையன். நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் இரண்டே வருடத்தில் 2014-இல் கிளம்பினான். யாரும் டிராஃப்டில் எடுக்கவில்லை. அடுத்த வருடம் சாக்ரமென்டோவுக்காக 3 ஆட்டம். இந்திய வம்சாவளியில் என்.பி.ஏ. கோர்ட்டில் இறங்கிய முதல் ஆள். இருந்திருந்தால் தேறியிருப்பானா? கொஞ்சம் இளைத்திருப்பான், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

சத்னாம் சிங் கல்லூரிப் பக்கமே போகவில்லை. 2015-இல் 52-ஆவது ஆள், டல்லஸ். இந்தியாவில் பிறந்து டிராஃப்டில் போன முதல் ஆள். பெரிய டீமுக்கு ஒரு ஆட்டமும் இல்லை. இப்போது மல்யுத்தம். அவனுக்குக் கல்லூரி நாலு வருடம் தேவைப்பட்டிருக்கும் என்று நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். அவ்வளவு உயரமான பையனுக்குக் கால் வேகம் வர வருடங்கள் ஆகும். உட்கார வைத்தால் வராது, தினம் ஆடவிட வேண்டும்.

29 மே

டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு நேற்றோடு கெடு முடிந்தது. நான் மேலே எழுதியதில் பாதியைத் திருப்பி எழுத வேண்டியிருக்கிறது.

லபரான் ஃபைலன், அலபாமா. திரும்பி வரமாட்டேன் என்று சொல்லியிருந்தான். கெடு நாளில் பின்வாங்கித் திரும்பிவிட்டான். யாக்ஸல் லெண்டபோர்க், 22 வயது, முதல் சுற்றுக் கடைசியில் போகக்கூடும் என்று பேசப்பட்டவன், மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான். தஹாத் பெட்டிஃபோர்ட் ஆபர்னுக்குத் திரும்பினான். இந்த வருடம் முன்னதாகப் பெயர் கொடுத்தவர்களே மொத்தம் 106 பேர்தான். 2021-இல் 353 பேர்.

என்ன நடந்தது? 2021 ஜூலையில் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆயிற்று. கூடவே, கல்லூரி மாறினால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும் என்ற பழைய விதியும் போயிற்று. இப்போது முப்பதாவது ஆளாகப் போனால் கிடைப்பதைவிட ஒரு பெரிய கல்லூரியில் தொடர்ந்து ஆடினால் அதிகம் கிடைக்கிறது. 40-ஆவது ஆளுக்கு யோசிக்கவே வேண்டாம். முன்னாடியெல்லாம் கல்லூரியில் இருப்பது தியாகம். சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் ஆடிவிட்டு, கல்லூரி டிக்கெட் விற்பதையும் கோச் கோடிகளில் சம்பாதிப்பதையும் வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் காலத்துக்கு நான் சொன்னது சரி. இப்போது?

ஸாக் ஈடியைப் பாருங்கள். 7 அடி 4 அங்குலம். 2023-இல் நாட்டின் சிறந்த வீரன் விருது, ஆனால் அவனை இரண்டாம் சுற்று ஆளாகத்தான் மதித்தார்கள். அவன் கல்லூரி பர்டூ அந்த வருடம் தேசியப் போட்டியில், வரிசையில் கடைசியான 16-ஆம் நிலை டீமிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்று ஊர் சிரித்தது. திரும்பி வந்தான். 2024-இல் இறுதிப்போட்டி வரை போனான், மறுபடி அதே விருது, 9-ஆவது ஆளாக மெம்ஃபிஸ் எடுத்தது. இதில் கொடுமை, அவன் கனடாக்காரன். எஃப்-1 விசா. நம்மில் பாதிப்பேர் வந்து இறங்கிய அதே எஃப்-1. மற்ற பையன்கள் விளம்பரத்தில் தாராளமாகச் சம்பாதிக்கும்போது அவனால் அப்படி முடியவில்லை. பிஸ்ஸா கடையில் ரொக்கத்துக்கு வேலை பார்த்துவிட்டுப் பயந்து பயந்து திரிந்த நம்ம பையன்களுக்கு இது புரியும்.

ஆனால் ஆஸ்கர் ஷிப்வே? 2022-இல் அதே விருது வாங்கியவன். கென்டக்கியில் இன்னொரு வருடம் இருந்தான். 2023-இல் எடுத்த 58 பேரில் அவன் பெயர் வரவே இல்லை. ஐவன் ராப் 2016-இல் போயிருந்தால் முதல் சுற்று என்றார்கள். இருந்தான், 2017-இல் 35-ஆவது ஆள். ஒரு வருடம் கூட இருந்தால் திறமை தெரியும் என்கிறோம். குறையும்தான் தெரியும். 19 வயதில் "இனிமேல் கற்றுக்கொள்வான்" என்றவர்கள் 21-இல் "இவ்வளவுதான் இவன்" என்பார்கள்.

29 மே, இன்னும் ஒன்று

மேலே "போனால் பின்னால் 30, 40 மில்லியன்" என்று பெரிதாக எழுதினேன். இரண்டாவது ஒப்பந்தம் வரை தாக்குப்பிடிக்கிறவனுக்குத்தான் அந்தக் கணக்கு. அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

7 ஜூன்

கல்லூரி வீரர்கள் பணம் கேட்டு என்.சி.ஏ.ஏ. மீது போட்ட பெரிய வழக்கில் உடன்பாட்டுக்கு நேற்று நீதிபதி கையெழுத்து. இனிக் கல்லூரியே நேரடியாக வீரர்களுக்குப் பணம் தரலாம். முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டும் சேர்த்து சுமார் 20.5 மில்லியன் வரை. அப்படியானால் "மாணவனாக இரு" என்றும் "தொழில்முறைக்குப் போ" என்றும் நாம் பேசுகிறோமே, அந்தக் கோடு எங்கே இருக்கிறது? இரண்டு பக்கமும் சம்பளம். ஒரு பக்கம் மட்டும் பரீட்சை உண்டு.

8 ஜூன்

என் மகள் எட்டாம் வகுப்பு. ஸ்கூல் டீமில் ஆடுகிறாள். நான் திரையில் தட்டிக்கொண்டிருப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பாய்ஸ் பத்தியே எழுதுற?" என்றாள்.

நியாயம். பெண்கள் பக்கம் இந்தக் கேள்வியே தலைகீழ். டபிள்யூ.என்.பி.ஏ.வுக்கு அமெரிக்கப் பெண் 19 வயதில் போகவே முடியாது. அந்த வருடம் 22 ஆகவேண்டும், அல்லது பட்டம் முடித்திருக்க வேண்டும், அல்லது பள்ளி முடித்து 4 வருடம். போனாலும் என்ன? ஏப்ரலில் பெய்ஜ் பெக்கர்ஸ் முதல் ஆளாகப் போனாள். முதல் வருடச் சம்பளம் 78,831 டாலர். மில்லியன் இல்லை, ஆயிரம். எங்கள் தெருவில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆன பையன் அதைவிட வாங்குகிறான். அதனால்தான் ஒலிவியா மைல்ஸ் முதல் இரண்டு மூன்று இடத்துக்குள் போகக்கூடியவள், டிராஃப்டே வேண்டாம் என்று நோட்டர் டேம் கல்லூரியிலிருந்து டி.சி.யூ. கல்லூரிக்கு மாறிக்கொண்டாள். ஆஸி ஃபட் இன்னொரு வருடம் கனெக்டிகட்டில் இருக்கிறாள்.

பையன் இருந்தால் "ஏன் இன்னும் போகவில்லை" என்று கேட்கிறோம். பெண் இருந்தால் அதுதான் புத்திசாலித்தனம். மகளிடம் இதை விளக்கினேன். "அப்ப சம்பளத்தை ஏத்தலாம்ல?" என்று கேட்டுவிட்டுச் சீரியலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். கிண்ணத்து சீரியல்தான், டிவி சீரியல் இல்லை.

15 ஜூன்

இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

நெட்டைக்கு யாரோ இந்தப் பக்கத்தை அனுப்பியிருக்கிறார்கள். இந்திய நேரம் காலை 6 மணிக்கு வாட்ஸாப்பில் கூப்பிட்டான். எடுத்ததுமே: "ஏலே, என்னல எழுதி வச்சிருக்க? அரையிறுதியாம்லா! கோயில் கொடைக்கு ஆடப் போயி இருநூறு ரூவாய்க்கு முட்டிய ஒடச்சவன் நீ. உங்கப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு நாந்தான காலேஜ் மேட்சுன்னு சொல்லச் சொன்னேன்."

நான் இல்லை என்றேன். அவன் சிரித்தான். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல வந்துவிட்டது. திருச்செந்தூர் பக்கம் ஒரு ஊர், ஆடி மாதம், காற்று. சவுக்குக் கம்பில் டியூப் லைட் கட்டியிருந்தார்கள். சிமெண்ட் தரை முழுக்கத் தேரிச் செம்மணல். கால் மணிக்கொரு தடவை ஆட்டத்தை நிறுத்திவிட்டு இரண்டு பையன்கள் நனைத்த சாக்கை இழுத்துக் கூட்டுவார்கள். பக்கத்தில் வில்லுப்பாட்டு ஸ்பீக்கர், விசில் சத்தமே கேட்காது. நான் லே-அப் போட ஏறினேன். இறங்கும்போது இடது கால் மணலில் போயிற்று. டொக் என்று ஒரு சத்தம், அது எனக்கு மட்டும் கேட்டது. நெட்டை அப்போது வேலைக்குச் சேர உத்தரவு வாங்கிவிட்டான். அவனும் ஆடக் கூடாதுதான். என்னை மொபெட்டில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவன் பிடித்துக்கொள்ள, பாளையங்கோட்டை வரை கொண்டுவந்தான்.

அப்பாவிடம் சொன்ன பொய்யை 27 வருடத்தில் நானே நம்பிவிட்டேன். அவர் இப்போது இல்லை. "உங்க பேச்சைக் கேட்டு இருந்தேன், முட்டி போச்சு" என்று ஒரு தடவை கோபத்தில் அவரிடம் சொல்லியும் இருக்கிறேன். அவர் பதில் பேசவில்லை.

நெட்டையிடம் கேட்டேன், நானும் வேலைக்குச் சேர்ந்திருந்தால் அந்தக் கொடைக்குப் போயிருப்பேனா என்று. "போவாம இருப்பியோ? நானே போனம்லா" என்றான்.

ஆக, 22 ஏப்ரல் குறிப்பில் என் கதையை அடித்துவிடுங்கள். இருந்ததால் உடைந்த முட்டி இல்லை அது. ஃப்ளாக் பற்றிச் சொன்னது அப்படியே நிற்கும், அதற்கு என் முட்டி சாட்சி வேண்டாம். கிரெக் ஓடன் ஒருவன் போதும். 2007-இல் ஒரே வருடத்தில் ஒஹாயோ ஸ்டேட்டை விட்டு முதல் ஆளாகப் போனான், முதல் சீசன் தொடங்கும் முன்பே முட்டியில் அறுவை சிகிச்சை, வாழ்நாளில் 105 ஆட்டம். எங்கே இருந்தாலும் அந்த முட்டி உடைந்திருக்கும். போனதால் சம்பளம் வாங்கிக்கொண்டு உடைந்தது.

26 ஜூன்

நேற்று முதல் சுற்று. ஃப்ளாக் டல்லஸுக்கு, எதிர்பார்த்தபடி. முதல் 8 பேரும் முதல் வருடப் பையன்கள். 19-ஐத் தாண்டினாலே கிழவன் போல இருக்கிறது.

ஆனால் வால்டர் கிளேட்டன் 18-ஆவது ஆளாகப் போனான் பாருங்கள். அயோனா என்ற சின்னக் கல்லூரியில் இரண்டு வருடம், ஃப்ளோரிடாவில் இரண்டு வருடம். ஏப்ரலில் கோப்பை, இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரன். இவனுக்கு நாலு வருடமும் தேவைப்பட்டது. இவனைப் போய் "கூப்பிடும்போது போ" என்று சொல்லியிருந்தால் எங்கே போயிருப்பான்? யாரும் கூப்பிட்டே இருக்க மாட்டார்கள்.

இரண்டாம் சுற்று இன்று ராத்திரி. ஆபர்னின் ஜானி புரூம், ஐந்து வருடம் ஆடியவன், இன்னும் பாக்கி.

27 ஜூன்

புரூம் 35-ஆவது ஆளாகப் போனான்.

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். "சரி, ஃப்ளாக் போனது போகட்டும். வரப்போகிற கேமரன் பூசராவது இரண்டு வருடம் இருப்பானா?" பையன் இன்னும் ட்யூக்குக்காக ஒரு ஆட்டம் ஆடவில்லை, அதற்குள் இவருக்குக் கவலை.

இவன் அப்பா கார்லோஸ் பூசரும் ட்யூக்தான். மூன்று வருடம் இருந்தார், 2001 கோப்பையை வாங்கினார், 2002-இல் டிராஃப்டுக்குப் போனார். அவரும் இரண்டாம் சுற்றுதான். அந்த வீட்டுக்குப் போய் நீங்களே சொல்லிப் பாருங்கள், அவசரப்படாமல் இருக்கச் சொல்லி.